ராஜகோபுரம் நீளத்துக்கு ஒரு பிரேக்

ஐப்பசி அடைமழையில் ஸ்ரீரங்கம் ரயில் நிலையத்துக்கு வெளியே சவாரிக்குக் காத்திருக்கும் ஆட்டோவும், கோடிகளில் விலை சொல்லப்படும் ஜெர்மன் ஸ்போர்ட்ஸ் காரான போர்ஷ் 911-உம் பங்காளிகள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. இரண்டுக்கும் இன்ஜின் முதுகுப்பக்கம். இரண்டையும் தள்ளிக்கொண்டு போவது பின்சக்கரங்கள். முன்னால் இருப்பதற்கு வழி காட்டுகிற வேலைதான் முக்கியம்.

குளிர்நாட்டில் பின்சக்கரம் உந்தும் கார் வைத்திருப்பவர்களுக்கு அக்டோபர் பிறந்தாலே கவலை பிறந்துவிடும். டயர் மாற்ற வேண்டும், டிக்கியில் மணல் மூட்டை ஏற்ற வேண்டும், இன்ஜின் ஆயில் முதல் கூலண்ட் வரை எல்லாவற்றையும் சரிபார்க்க வேண்டும். திருச்சிக்கு அந்தக் கவலை இல்லை. மார்கழி விடிகாலையில் சொர்க்கவாசலுக்கு வரிசையில் நிற்கும்போதுகூடக் குளிர் 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். ஆனால் நமக்கும் வழுக்கும் காலம் ஒன்று உண்டு. வடகிழக்குப் பருவமழைதான் நம்முடைய பனிக்காலம். பனியில் அந்த ஸ்போர்ட்ஸ் காருக்கு நடப்பதும் மழையில் நம் ஆட்டோவுக்கு நடப்பதும் ஒரே இயற்பியல்.

முதலில் ஒரு பழைய வண்டியைப் பார்த்துவிடுவோம். சித்திரைத் தேர் வீதியில் வரும்போது அதன் சக்கரங்களுக்கு உருள்வதைத் தவிர வேறு பொறுப்பே இல்லை. தரையைப் பிடித்து உந்துவது வடம் இழுப்பவர்களின் பாதங்கள். வீதி ஈரமாக இருந்தால் வழுக்கப்போவது பாதம்தான், சக்கரம் அல்ல. மாட்டுவண்டியிலும் அப்படியே. குளம்பு உந்தும், சக்கரம் சும்மா உருண்டு வரும். சக்கரத்தையே பாதமாகவும் மாற்றியது மோட்டார் வண்டி. 1886-இல் கார்ல் பென்ஸ் காப்புரிமை பெற்ற முதல் காரில் இருந்தவை மூன்றே சக்கரங்கள். இன்ஜின் பின்னால், உந்துவது பின்சக்கரங்கள். படத்தை எடுத்துப் பார்த்தால் கூரை இல்லாத ஆட்டோ மாதிரியே இருக்கும். அந்த முதல் காரின் நேர் வாரிசு சத்திரம் பேருந்து நிலையத்தில் மீட்டருக்கு மேல் கேட்டுக்கொண்டிருக்கிறது.

சரி, இந்த ரப்பர்ப் பாதம் தரையில் எவ்வளவு இடத்தைத் தொடுகிறது? வீட்டிலேயே கணக்குப் போடலாம். பஞ்சர் கடையில் ‘32 பாயிண்ட் வைங்கண்ணே’ என்கிறோம். ஒரு பாயிண்ட் என்றால் ஒரு சதுர அங்குலத்துக்கு ஒரு பவுண்டு அழுத்தம். 32 பாயிண்ட் என்பது சதுர சென்டிமீட்டருக்கு ரெண்டேகால் கிலோ. ஆட்களோடு சேர்த்து ஒரு டன் எடையுள்ள சின்னக் காரில் ஒரு சக்கரத்தின் பங்கு 250 கிலோ. 250-ஐ ரெண்டேகாலால் வகுத்தால் ஏறத்தாழ 111 சதுர சென்டிமீட்டர் வருகிறது. பத்து சென்டிமீட்டருக்குப் பதினொன்று. உங்கள் உள்ளங்கையை விரித்துப் பாருங்கள், அவ்வளவுதான். இரும்பும் குடும்பமுமாக ஒரு டன் நான்கு உள்ளங்கைகளை நம்பி ஓடுகிறது. தரையைத் தொடும் இந்தத் துண்டை இனி உள்ளங்கை என்றே சொல்வோம்.

அந்த உள்ளங்கையும் நிலையாக இருப்பதில்லை. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில், டயரின் ஒரு ரப்பர்க் கட்டை தரையைத் தொட்டு, அமுங்கி, பிடித்து, உந்திவிட்டு மேலே எழும்ப ஒரு நொடியில் ஆயிரத்தில் ஆறு பங்கு நேரம்தான் இருக்கிறது. நீங்கள் ஒருமுறை கண்ணை இமைப்பதற்குள் இந்த வேலை பதினைந்து தடவைக்கு மேல் முடிந்துவிடும். அந்தக் கணத்துக்குள் ரப்பர் செய்வதைக் கேட்டால் இன்னும் வியப்பு. தார்ச்சாலை கண்ணுக்குச் சமமாகத் தெரிந்தாலும் உண்மையில் அது சரளைக்கல் முனைகளும் பள்ளங்களும் நிறைந்த மலைத்தொடர். ரப்பர், பிசைந்த மாவைப் போல அந்தப் பள்ளங்களுக்குள் இறங்கிக் கவ்வுகிறது. கவ்விய வேகத்தில் விட்டுவிட்டு மறுபடி தன் உருவத்துக்குத் திரும்புகிறது. பிடிமானம் என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி இந்தப் பிசைதல்தான்.

இப்போது மழையை வரவழைப்போம். சாலையில் மூன்று மில்லிமீட்டர் நீர் நிற்கிறது. 18 சென்டிமீட்டர் அகலமுள்ள முன்டயர் 80 கிலோமீட்டர் வேகத்தில் அதன்மேல் ஓடினால், ஒவ்வொரு நொடியும் அது அப்புறப்படுத்த வேண்டிய நீர் 12 லிட்டர். முக்கால் குடத்துக்கும் மேல். தெருக்குழாயில் ஒரு குடம் நிரம்ப எவ்வளவு நேரம் நின்றோம் என்று தெரிந்தவர்களுக்கு இந்த எண் உறைக்கும். டயரில் நாம் ‘பட்டன்’ என்று சொல்கிற அந்தப் பள்ளங்களும் வாய்க்கால்களும் அழகுக்கு வெட்டியவை அல்ல. ஒவ்வொரு டயரும் ஓடிக்கொண்டே நீர் இறைக்கும் ஒரு பம்ப்.

பம்ப் தோற்றுப்போனால் நீர் டயருக்கு அடியில் ஆப்புபோல நுழைந்து அதைத் தூக்கிவிடும். உள்ளங்கை தரையை விட்டு நீர்மேல் ஏறிக்கொள்ளும். இதற்கு நீர்மிதப்பு, ஹைட்ரோபிளேனிங், என்று பெயர். ஸ்டியரிங் திடீரென்று இலேசாகும். ஓட்டுபவர் சொல்வது எதையும் டயர் கேட்காது. விமானங்கள் ஈர ஓடுபாதையில் சறுக்கியதைக் கண்டு 1960-களில் நாசா ஆய்வாளர்கள் இதற்கு எளிய சூத்திரம் ஒன்றைத் தந்தார்கள். தேய்ந்த டயர் ஆழமான நீரில் எந்த வேகத்தில் மிதக்கும் என்பதை, டயருக்குள் இருக்கும் காற்றழுத்தத்தை மட்டும் வைத்துக் கணிக்கலாம். 30 பாயிண்ட் இருந்தால் சுமார் 90 கிலோமீட்டர். காற்றைக் கவனிக்காமல் விட்டு 20-க்கு இறங்கிவிட்டால் சுமார் 75. மாம்பழச்சாலை நெரிசலில் இந்த வேகம் கனவு. சென்னை நெடுஞ்சாலையில் ஏறிவிட்டால் எல்லோரும் சாதாரணமாகப் போகிற வேகம். பத்து பாயிண்ட் காற்றுக்குப் பதினைந்து கிலோமீட்டர் பாதுகாப்பு! இவ்வளவு மலிவான காப்பீடு வேறெங்கே கிடைக்கும்?

டயரின் வாய்க்காலுக்கு எவ்வளவு வலு என்பதை ஒரு தமிழர் உலகத்துக்கே காட்டிய நாள் ஒன்று உண்டு. 2012 மார்ச் 25, மலேசியாவின் செபாங் பந்தயத்தடம். ஃபார்முலா ஒன் கார்களும் இன்ஜின் பின்னால், உந்துதல் பின்சக்கரத்தில். நம் ஆட்டோவின் பணக்காரச் சொந்தம் என்று இவற்றையும் சேர்த்துக்கொள்ளலாம். கோவையைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன் ஓட்டியது எச்ஆர்டி அணியின் கார், களத்திலேயே மிக மெதுவானவற்றுள் ஒன்று. வரிசையின் கடைக்கோடியில் இருந்து கிளம்பினார். பெரும்பாலான கார்கள் நடுத்தர ஈரத்துக்கான டயரோடு கிளம்ப, அவர் கார் முழுமழை டயரோடு கிளம்பியது. ஆழமான வாய்க்கால்கள் வெட்டிய அந்த டயர் உச்ச வேகத்தில் நொடிக்குச் சுமார் 60 லிட்டர் இறைக்கக் கூடியது. மழை கொட்டித் தீர்த்தது. மற்றவர்கள் டயர் மாற்ற ஒதுங்க, நரேன் பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருந்தார். சிவப்புக் கொடி காட்டிப் பந்தயத்தை நிறுத்தியபோது அவர் இருந்தது பத்தாம் இடத்தில். இன்ஜினில் ஒரு குதிரைத்திறன்கூடக் கூடவில்லை, மாறியிருந்தது ரப்பரில் வெட்டிய பள்ளத்தின் ஆழம் மட்டும்.

திருச்சி மழைக்கு ஒரு தனிக்குணம் உண்டு. பல மாத வெயிலில் சாலையில் படிந்த தூசி, சொட்டிய ஆயில், தேய்ந்த ரப்பர்த்தூள் எல்லாம் முதல் தூறலில் கரைந்து கூழாகிவிடும். பெருமழை இதைக் கழுவிவிடும். தூறல் கழுவாது, குழைத்துப் பூசும். ஆகவே கொட்டும் மழையைவிட முதல் சில நிமிடத் தூறல் பொல்லாதது. ஸ்ரீரங்கத்தையும் திருச்சியையும் இணைக்கும் காவிரிப் பாலத்தில் இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. 1976-இல் திறந்த அந்தப் பாலம் வெயிலில் நீளவும் குளிரில் சுருங்கவும் இடம் கொடுப்பதற்காகத் தளத்துண்டுகளுக்கு இடையே இரும்பு இணைப்புகள் உண்டு. ஈரமான இரும்பில் ரப்பர் இறங்கிக் கவ்வப் பள்ளம் ஏது? பாலத்தின் நடுவில் தடம் மாறிக்கொண்டே ஆக்சிலரேட்டரை முறுக்கும்போது, பின்சக்கரம் ஒரு கணம் இடுப்பை ஆட்டுவதை ஓட்டுபவர்கள் அறிவார்கள்.

ஏன் பின்சக்கரம் ஆட்டுகிறது? இங்கேதான் விஷயம் சுவாரசியமாகிறது. ஒவ்வொரு உள்ளங்கைக்கும் பிடிமானம் என்ற மாதச் சம்பளம் உண்டு. அதை வண்டியை உந்தவும் செலவழிக்கலாம், வளைவில் வெளியே சரியாமல் தாங்கவும் செலவழிக்கலாம். கணக்கு மட்டும் நம் வீட்டுக் கணக்கு அல்ல, பிதாகரஸ் கணக்கு. சம்பளம் 100 என்றால், உந்துவதற்கு 80 போனபின் தாங்குவதற்கு மிச்சம் 20 அல்ல, 60. எண்பதின் வர்க்கமும் அறுபதின் வர்க்கமும் சேர்ந்தால் நூறின் வர்க்கம். இயற்கை தாராள மனசோடுதான் நடந்துகொள்கிறது. ஆனால் உந்துவதற்கே நூறையும் கொடுத்துவிட்டால் தாங்குவதற்குச் சுழியம்.

மழை அந்தச் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டிவிடுகிறது. முன்சக்கரம் இழுக்கும் காரில் சம்பளம் தீர்ந்தால் முன்பக்கம் நேராக ஓடும். ஓட்டுபவர் பயந்து காலை எடுப்பார், பிடிமானம் திரும்பி வரும். பின்சக்கர வண்டியில் தீர்ந்தால் பின்பக்கம் வெளியே பாய்ந்து முன்பக்கத்தை முந்தப் பார்க்கும். அப்போது பதறிக் காலை எடுத்தாலும் ஆபத்துதான். இன்ஜின் இழுத்துப்பிடிப்பதும் அதே பின்சக்கரங்களைத்தானே!

சென்னைக்கு அருகே வண்டலூரில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரை ஓட்டிய பெரியவர்கள் யாராவது கிடைத்தால் இதைக் கேட்டுப் பாருங்கள். 1961-இல் தொடங்கி நம் ஊரில் ஓடிய கார் அது. அதே அடிச்சட்டத்தைக் குறுக்கித்தான் இங்கிலாந்தில் டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் காரைச் செய்தார்கள். இரண்டிலும் பின்சக்கர அச்சு நடுவில் மடியும், பறவையின் இரு சிறகுகளைப் போல. வேகமாக வளைந்து உடல் மேலெழும்போது சிறகுகள் தாழ்ந்து, சக்கரம் உள்ளங்கையை மடக்கிக்கொண்டு ஓரவிரலில் நிற்கும். பின்னாளில் வந்த கெஸல் காரில் நம் ஆட்கள் அந்தச் சிறகை விட்டுவிட்டுப் பழையபடி ஒரே தண்டாக அச்சைப் போட்டார்கள். நாகரிகத்தில் ஒரு படி கீழே, நம் சாலைக்கு ஒரு படி மேலே. சரியான முடிவு என்பேன்.

பின்சக்கர வண்டிக்குள் ஒளிந்திருக்கும் இன்னொரு அதிசயத்தை மெக்கானிக்குகள் தவிர யாரும் பார்ப்பதில்லை. ஓர் ஆட்டோ யூ டர்ன் அடிக்கும்போது வெளிச்சக்கரம் உள்சக்கரத்தைவிடச் சுமார் மூன்றரை மீட்டர் அதிகம் ஓட வேண்டும். வட்டம் பெரிதோ சிறிதோ, இந்த மூன்றரை மீட்டர் மாறாது. தேருக்கு இதில் சிக்கல் இல்லை. அதன் சக்கரங்கள் அச்சில் தனித்தனியே சுற்றும், திருப்பங்களில் முட்டுக்கட்டை போடுபவரின் சாமர்த்தியம் மற்றதைப் பார்த்துக்கொள்ளும். ஆனால் இன்ஜினே சுழற்றும் இரண்டு சக்கரங்கள் வெவ்வேறு வேகத்தில் சுற்றுவது எப்படி? டிஃபரன்ஷியல் என்ற பல்சக்கரப் பெட்டி இதைத் தீர்க்கிறது. பிரெஞ்சுக்காரர் பெக்கர் 1827-இலேயே, மோட்டார் கார் பிறக்கும் முன்பே, இதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார்.

பெட்டிக்கு ஒரு குறை உண்டு. இரு சக்கரங்களுக்கும் சமமான முறுக்கைத்தான் அது தரும். ஒரு சக்கரம் சேற்றில் வழுக்கினால், அந்தச் சோம்பேறிக்குக் கிடைக்கும் அற்ப முறுக்கே உழைப்பாளிக்கும். ஒன்று வீணாய்ச் சுற்ற, மற்றது கல்லாய் நிற்கும். பழைய அம்பாசடர் டிரைவர்கள் இதற்கு ஒரு வித்தை வைத்திருந்தார்கள். ஹேண்ட்பிரேக்கை இலேசாகப் பிடித்துக்கொண்டே ஆக்சிலரேட்டரை மிதிப்பார்கள். வழுக்கும் சக்கரத்துக்குப் பிரேக்கின் எதிர்ப்பு கிடைக்க, அதே அளவு முறுக்கு நின்ற சக்கரத்துக்கும் போய்ச் சேரும். வண்டி குழியிலிருந்து ஏறிவிடும். இன்றைய சொகுசுக் கார்களில் கம்ப்யூட்டர் செய்கிற ‘டிராக்‌ஷன் கன்ட்ரோல்’ பெரும்பாலும் இதே வித்தைதான். கம்ப்யூட்டர் வழுக்கும் சக்கரத்தை மட்டும் தனியே பிடிக்கும், அதுதான் வித்தியாசம்.

பின்சக்கரத்துக்குப் பிடிமானம் கூட வேண்டுமென்றால் அதன்மேல் எடை கூட வேண்டும். இன்ஜின் முன்னால் இருக்கும் பின்சக்கரக் கார்க்காரர்கள் கனடாவில் டிக்கிக்குள் மணல் மூட்டைகளை நகராமல் கட்டிவைப்பது இதற்குத்தான். ஆட்டோவுக்கு மூட்டை வேண்டாம். பின்சீட்டில் உட்காரும் நாம்தான் மூட்டை. பின் அச்சுக்கு நேர்மேலே நம்மை உட்காரவைத்திருக்கிறார்கள். போர்ஷ் 911 பனியில் கிளம்புவதில் பேர்போனதும் இதே காரணத்தால்தான்.

கிளம்புவது ஒன்று, நிற்பது வேறு. 60 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக்கை மிதித்தபின், காய்ந்த சாலையில் நிற்கச் சுமார் 18 மீட்டர் போதும். ஈரச்சாலையில் 28. இறுகிய பனியில் 70. ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்தின் உயரம் 236 அடி, 72 மீட்டர். கோபுரத்தை அப்படியே சாலையில் படுக்கப் போட்டால் கிட்டத்தட்ட அவ்வளவு தூரம் வழுக்கிக்கொண்டே போய்த்தான் கார் நிற்கும். கண்ணாடிபோல் உறைந்த சாலையில் இரண்டு ராஜகோபுரம்.

இதனால்தான் கனடாவின் கியூபெக் மாநிலத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால டயர் போட்டே ஆக வேண்டும் என்று சட்டம். மாண்ட்ரியலில் இருக்கும் நம்மவர்கள் பலருக்கு ஆண்டுக்கு இருமுறை டயர் மாற்றுவது பொங்கல், தீபாவளி போல. அந்த டயரில் அப்படி என்ன விசேஷம்? சாதாரண ரப்பர், வெப்பம் 7 டிகிரிக்குக் கீழே இறங்க இறங்க, ஃப்ரிட்ஜில் வைத்த நெய்யைப்போல இறுகத் தொடங்கும். பிசையாத மாவு பள்ளத்தில் இறங்காது. குளிர்கால டயரின் ரப்பரில் இளக்கம் கூடுதல். கூடவே சிலிக்காவும் சேர்க்கிறார்கள். காவிரி மணலின் பெரும்பகுதியும் வேதியியல்படி அதே சிலிக்காதான். ஈரத்தில் கவ்வும் குணத்தை டயருக்குத் தருவதில் மணலின் இந்தச் சொந்தக்காரனுக்கும் பங்கு உண்டு!

அதைவிட அழகு, அந்த டயரின் கட்டைகள்மேல் நெருக்கமாகக் கிழித்த மயிரிழைக் கீறல்கள். அவை பனியைத் தள்ளிவிடுவதில்லை, பிடித்து வைத்துக்கொள்கின்றன. பிடிகொழுக்கட்டை மாவு மாவோடு ஒட்டுவதுபோல, பனி பனியோடு நன்றாக ஒட்டும். டயரில் ஒட்டிய பனி சாலைப் பனியைப் பிடிக்கிறது. எதிரியையே ஏவலாளாக்கும் தந்திரம். மழை டயர் நீரை விரட்டுகிறது, பனி டயர் பனியை வரவேற்கிறது.

இன்ஜினுக்குள்ளும் இப்படி ஒரு வேடிக்கை உண்டு. தண்ணீர் உறையும்போது ஒன்பது சதவீதம் பெருக்கும், இரும்பையே பிளந்துவிடும். அதைத் தடுக்கக் குளிர்நாட்டில் எத்திலீன் கிளைகால் கலந்த கூலண்ட் ஊற்றுகிறார்கள். தண்ணீரோடு சரிபாதி கலந்தால் சுமார் மைனஸ் 37 டிகிரி வரை உறையாது. அதே திரவம் கொதிநிலையையும் உயர்த்திவிடும். ஆகவே உறையாமல் இருக்க டொராண்டோக்காரர் ஊற்றுவதை, கொதிக்காமல் இருக்க நாம் சித்திரை வெயிலில் ஊற்றுகிறோம். ஆயில் டப்பாவில் 20டபிள்யூ-40 என்று போட்டிருக்கிறதே, அந்த டபிள்யூ எதைக் குறிக்கிறது தெரியுமா? ‘விண்டர்’, குளிர்காலம். அக்கினி நட்சத்திரத்தில் பாலக்கரை கடையில் வாங்கும் ஆயிலிலும் குளிர்காலத்துக்கென்று ஓர் எண் எழுதியிருக்கிறது.

ஆக, மழைக்கு முன் பின்சக்கர வண்டியை ஆயத்தம் செய்வது என்றால் பெரும்பாலும் அந்த உள்ளங்கைகளைக் கவனிப்பதுதான். புது டயரில் பள்ளம் சுமார் எட்டு மில்லிமீட்டர் இருக்கும். காருக்குச் சட்டம் வைத்த எல்லை 1.6 மில்லிமீட்டர். பள்ளத்துக்குள் அங்கங்கே குறுக்கே ஒரு சிறு மேடு விட்டிருப்பார்கள். டயர் தேய்ந்து அந்த மேட்டோடு சமமாகிவிட்டால் அது மொட்டை டயர். இரண்டு புது டயர் மட்டும் வாங்கினால் எங்கே போடுவது? ‘ஸ்டியரிங் முன்னாலதானே சார்’ என்று பலர் முன்னால் மாட்டிவிடுவார்கள். பின்னால் போடச் சொல்லுங்கள், காரை இழுப்பது முன்சக்கரமாகவே இருந்தாலும் சரி. முன்பக்கம் வழுக்கினால் கைக்குத் தெரியும், பின்பக்கம் வழுக்கினால் வண்டி சுற்றியபின்தான் தெரியும்.

ஒன்று பாக்கி. ரப்பர் ஓடாமலே கெடும். திருச்சி வெயிலில் நிறுத்திவைத்த டயர், பள்ளம் புதிதாகவே இருந்தாலும், இறுகிப்போய் மாவாகப் பிசையும் குணத்தை இழக்கும். டயரின் பக்கச்சுவரில் ஒரு முட்டை வடிவக் கட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் இருக்கும். 3521 என்றிருந்தால், 2021-ஆம் ஆண்டின் 35-ஆவது வாரத்தில் அந்த டயர் பிறந்தது என்று பொருள். ஐப்பசி பிறக்கும் முன் ஒருமுறை குனிந்து படித்துப் பாருங்கள். எழுத்து உள்பக்கமாகத் திரும்பியிருந்தால், பஞ்சர் கடை அண்ணனிடம் டார்ச் இருக்கும்.